வீட்டுக்கு ஒரு வடிகட்டி வாங்கித் தரப் போகிறோம், எதை வாங்குவது?

கிணற்றடி எழுதியது:

வணக்கம். நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு சிறிய கிராமத்தின் குடிநீருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஓராண்டாக அலைந்துகொண்டிருக்கிறோம். 140 வீடுகள். குழாயில் தண்ணீர் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராதபோது பொதுக்கிணறு, இரண்டு அடிபம்புகள், அதுவும் போதாவிட்டால் ஓடை. மழை தொடங்கியதும் குழந்தைகளுக்கு வரிசையாக வயிற்றுப்போக்கு வரும். சென்ற மழைக்காலத்தில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றை உடம்பில் நீர் வற்றி மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் பணம் திரட்ட ஆரம்பித்தோம்.

இப்போது கையில் இருப்பதை வைத்து வீட்டுக்கு ஒரு நடுத்தரமான வடிகட்டி வாங்க முடியும், அவ்வளவுதான். ஒரு விற்பனையாளர் ஊருக்கே வந்து செய்து காட்டினார். இரண்டு டம்ளர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அவருடைய ஆர்.ஓ. இயந்திரத்தில் வந்த தண்ணீர். மின்சாரம் பாயும் கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் செம்மண் கரைத்தது போல ஆகிவிட்டது, அவருடையது அப்படியே தெளிவாக இருந்தது. பார்த்த பெண்கள் பலர் பயந்துபோனார்கள், "இதையா இத்தனை வருடம் குடித்தோம்" என்று ஒரு பாட்டி அழுதே விட்டார். ஆனால் அந்த இயந்திரத்தை 140 வீட்டுக்கும் வாங்க எங்களால் முடியாது, முப்பது வீட்டுக்கு வேண்டுமானால் வரும். எந்த முப்பது வீடு என்று எப்படித் தேர்வு செய்வது?

மண்பானை வடிகட்டி, மணல் வடிகட்டி, குளோரின் சொட்டு, வெயிலில் பாட்டில் வைப்பது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். களத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

நீர்ச்சோதனை எழுதியது:

நண்பரே, முதலில் அந்த டம்ளர் விஷயம். அந்தக் கருவியின் ஒரு கம்பி இரும்பு. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் கம்பியில் உள்ள இரும்பு கரைந்து துருவாகத் தண்ணீரில் இறங்கும். நீங்கள் பார்த்த செம்மண் நிறம் அந்தக் கம்பியிலிருந்து வந்தது, கிணற்றிலிருந்து வந்தது இல்லை. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் பாயாமல் தெளிவாக இருந்தது. அந்த ஆள் திரும்ப வந்தால், அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் அதே நிறத்துக்கு மாறும். எல்லோரையும் கூட்டி வைத்து இதைச் செய்து காட்டுங்கள், முக்கியமாக அந்தப் பாட்டிக்கு. பயத்தில் வாங்குவது வேறு, தெரிந்து வாங்குவது வேறு.

உங்கள் கேள்வியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது? கிருமியா, ஃபுளோரைடா, ஆர்சனிக்கா, நைட்ரேட்டா, வெறும் கலங்கலா? இது தெரியாமல் வடிகட்டி வாங்குவது, என்ன நோய் என்று பார்க்காமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவது போலத்தான். மண்பானை வடிகட்டி கிருமிகளில் பெரும்பகுதியைப் பிடிக்கும், ஃபுளோரைடை அப்படியே கீழே விடும். குளோரின் கிருமியைக் கொல்லும், ஆர்சனிக்கை ஒன்றும் செய்யாது. காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய பேர், ஆனால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் உள்ள நீரைக் காய்ச்சினால் நீராவி போகப் போக அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

டி.டி.எஸ். மீட்டரை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்பதை மட்டும்தான் அது சொல்லும். டி.டி.எஸ். 100 உள்ள ஓடை நீரில் காலரா இருக்கலாம், 600 உள்ள கிணற்று நீர் எந்தத் தீங்கும் இல்லாமல் இருக்கலாம்.

ஒவ்வொரு நீர்நிலையிலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுங்கள். ஃபுளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட், இரும்பு, கலங்கல், ஈ.கோலி (மலக்கலப்பைக் காட்டும் கிருமி), இந்த ஆறும் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 10 மைக்ரோகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம். கிருமிக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்று ஒன்று உண்டு, தண்ணீரை ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். நுட்பமான சோதனை என்று சொல்ல முடியாது, ஆனால் ஊர்மக்கள் கண்ணால் பார்க்கலாம், அதற்காகவே செய்யலாம். கோடையில் ஒரு தடவை, முதல் மழைக்குப் பிறகு ஒரு தடவை, இரண்டும் வேண்டும். மழைக்கு முன் சுத்தமாக இருந்த கிணறு, மழை பெய்த மறுநாள் மோசமாகும்.

வங்கதேசத்தில் ஆர்சனிக் பிரச்சினை வெளிவந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிருமியிலிருந்து காப்பாற்ற என்று லட்சக்கணக்கில் குழாய்க்கிணறு அடித்தார்கள், பிறகுதான் அவற்றில் பலவற்றில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. அப்புறம் ஏறத்தாழ 50 லட்சம் குழாய்களைச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை என்று பெயின்ட் அடித்தார்கள். பல குடும்பங்கள் எந்தக் கருவியும் வாங்காமல் பக்கத்து வீட்டுப் பச்சைக் குழாய்க்கு மாறிக்கொண்டன. உங்கள் ஊரில் இரண்டு அடிபம்புகளில் ஒன்று நல்லதாக இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது போல.

களத்துமேடு எழுதியது:

மேலே சொன்னது அத்தனையும் சரி. சோதனையில் ஃபுளோரைடு, ஆர்சனிக் இல்லை என்று வந்தால் நான் குளோரினைத்தான் முதலில் வைப்பேன். பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான், கருவி எவ்வளவு பிடிக்கிறது என்பதைவிட வீட்டில் எத்தனை நாள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் குழந்தைகள் தப்புவதும் தப்பாததும் இருக்கிறது. 2012-இல் ஜோ பிரவுன், தாமஸ் கிளாசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். தண்ணீர் மிக மோசமாக இருக்கும் இடத்தில், எல்லா நேரமும் சுத்திகரித்த நீரையே குடிப்பவர்கள், குடிப்பதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் சுத்திகரிக்காமல் குடித்தாலும், கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி, 96 சதவீதம் வரை, போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. வயலுக்குப் போகும்போது எடுத்துப் போகாத தண்ணீர், பள்ளிக்கூடத்தில் குடிக்கிற தண்ணீர், விருந்தாளி வந்த அன்று தீர்ந்துபோய் அவசரமாகக் கிணற்றிலிருந்து மொண்டது, இவையெல்லாம் அந்தப் பத்தில் ஒன்றுக்குள் வந்துவிடும்.

அதனால் வாங்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், இதை நாள்தோறும் யார் செய்யப் போகிறார்கள்? பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான். விடியலில் எழுந்து தண்ணீர் சுமந்து, விறகு பொறுக்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பவர் கையில் இன்னொரு வேலையைக் கொடுக்கிறோம். காய்ச்சுவது கிருமிக்கு மிகச் சிறந்த வழி, ஒரு நிமிடம் கொதித்தால் போதும், ஆனால் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ விறகு என்று கணக்குப் போடுவார்கள், ஐந்தாறு பேர் உள்ள வீட்டில் அந்த விறகை எங்கே போய்ப் பொறுக்குவது?

குளோரினுக்கு வேலை குறைவு. 20 லிட்டர் குடத்துக்கு ஒரு சதவீதக் கரைசல் 4 மில்லி, மூடி அரை மணி நேரம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அது லிட்டருக்கு 2 மில்லிகிராம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் இரண்டு மடங்கு, ஆனால் கலங்கிய நீரில் குளோரினை மேலும் மேலும் கொட்டுவதைவிட முதலில் தெளிய வைத்துத் துணியில் வடிகட்டுவது நல்லது. துணியை லேசாக நினைக்காதீர்கள். வங்கதேசத்தின் மட்லாப் பகுதியில் ரீட்டா கோல்வெல் குழுவினர், பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்ததை 2003-இல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி நீரில் உள்ள மிகச் சிறிய மிதவை உயிரிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும், துணி அவற்றைப் பிடிக்கும். பழைய துணிதான் நல்லது, துவைத்துத் துவைத்து நூல் உப்பி, இடைவெளி நெருங்கிவிடும். துணி மட்டும் போதாது, துணிக்குப் பிறகு குளோரின்.

குளோரினுக்குக் குறை இல்லாமல் இல்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை அது ஒன்றும் செய்யாது. வாடை பிடிக்காமல் நிறுத்துகிறவர்கள் பலர். ஆனால் ஒரு பெரிய லாபம் உண்டு, குடத்தில் கொஞ்சம் மிச்சக் குளோரின் நிற்கும், யாராவது கையை விட்டு மொண்டாலும் அது காப்பாற்றும். வடிகட்டியில் வந்த தண்ணீருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இதிலிருந்து அடுத்த விஷயம், பாத்திரம். சுத்தமான தண்ணீர் வீட்டுக்குள் வந்து அழுக்காவதை நான் பார்த்தது போல் வேறு எதையும் அடிக்கடி பார்க்கவில்லை. அகன்ற வாய், மூடி இல்லை, பிள்ளை கை விட்டுக் குவளையால் மொள்ளும். கை நுழையாத அளவுக்குக் குறுகிய வாயும் அடியில் ஒரு குழாயும் உள்ள பாத்திரம் வாங்குங்கள். உங்கள் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும், வடிகட்டி அப்புறம்.

விலை பற்றியும் சொல்கிறேன். மேற்கு கென்யாவில் மைக்கேல் கிரேமர் (2019-இல் பொருளாதார நோபல் பெற்றவர்களில் ஒருவர்) குழு பார்த்தது, குளோரின் பாட்டிலைக் கடையில் மலிவாக விற்றபோதும் பத்தில் ஒரு வீடுகூட வாங்கவில்லை. அதே குளோரினை நீர் எடுக்கும் இடத்திலேயே ஒரு தொட்டியில் வைத்து, குழாயைத் திருகினால் ஒரு குடத்துக்கான அளவு விழும்படி இலவசமாகக் கொடுத்தபோது பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் பயன்படுத்தின. வீட்டில் மறந்துபோகிற வேலை கிணற்றடியில் மறக்காது, பக்கத்தில் நிற்பவர் போடுவதைப் பார்த்து நாமும் போடுவோம், குடம் வீடு போய்ச் சேருவதற்குள் பாதி நேரம் முடிந்திருக்கும்.

கிணற்றடி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும், சோதனை முடிவு வரக் காத்திருந்தேன்.

ஃபுளோரைடு எல்லாவற்றிலும் 1-க்குக் கீழே. ஆர்சனிக் அளவுக்குள். கிணற்றில் நைட்ரேட் 30. கிணறு, ஓடை, குழாய் மூன்றின் குப்பியும் கறுத்துவிட்டது, குழாய்த் தண்ணீர் கறுத்ததைப் பார்த்து ஊரே அதிர்ந்துபோனது. மேட்டில் உள்ள அடிபம்பு மட்டும் தெளிவு, ஆனால் அதில் இரும்பு அதிகம், துணி வெளுத்தால் மஞ்சளாகிறது என்று யாரும் எடுப்பதில்லை! உப்புச் சிட்டிகையையும் போட்டுக் காட்டினோம், பாட்டி இரண்டு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார்.

பத்து வீட்டில் குளோரின் சொட்டுக் கொடுத்துப் பார்த்தோம். ஆறு வீட்டில் தொடர்கிறார்கள், நான்கு வீட்டில் வாடை பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டார்கள், அதில் ஒரு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அது என்னை உறுத்துகிறது. அந்த வீடுகளுக்கு மண்பானை வடிகட்டி கொடுக்கலாமா?

சூளை எழுதியது:

கொடுக்கலாம். நான் அந்தப் பானைகளைச் செய்கிறவர்களோடு வேலை பார்த்தவன், அதனால் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1981-இல் குவாத்தமாலாவில் ஃபெர்னாண்டோ மசாரியேகோஸ் வடிவமைத்தது இது. களிமண்ணோடு மரத்தூளோ உமியோ சலித்துக் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் வைத்தால் தூள் எரிந்து நுண்துளைகள் மிஞ்சும். தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகக் கசிந்து கீழே உள்ள பாத்திரத்தில் விழும். வெள்ளிக் கரைசல் பூசுவார்கள், அது கிருமி வளராமல் தடுக்கும். மணிக்கு ஒன்று முதல் மூன்று லிட்டர் வரும். அதைவிட வேகமாக வந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள், எங்கோ விரிசல் இருக்கிறது. வாங்கும்போது ஒவ்வொரு பானையையும் நீங்களே பாருங்கள், காலிப் பானையைக் கவிழ்க்காமல் விளிம்பு மேலே இருக்கும்படி நீரில் அழுத்தினால் உள்பக்கம் எங்காவது சட்டென்று நீர் பீறிட்டால் அது ஆகாது. வைரஸ்களை இது நன்றாகப் பிடிப்பதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வாடை கிடையாது, தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், அதனால் ஜனங்களுக்கு உடனே பிடித்துவிடும். பிரச்சினை பிறகு வரும். கம்போடியாவில் இந்தப் பானைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது மாதத்துக்கு ஏறத்தாழ 2 சதவீத வீடுகள் பயன்படுத்துவதை நிறுத்திக்கொண்டே வந்தன, முதல் காரணம் உடைந்துபோனது. 2 சதவீதம் என்றால் சின்ன எண்ணாகத் தெரியும். 140 வீட்டுக்குக் கணக்குப் போடுங்கள், முதல் வருட முடிவில் 30 வீட்டில் பானை இல்லை, மூன்று வருடத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அப்போது மாற்றுப்பானை எங்கே கிடைக்கும், யார் கொண்டுவந்து தருவார்கள்? நான் பார்த்த ஒரு ஊரில் வடிகட்டியைக் கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், இரண்டு வருடம் கழித்துப் போனால் கீழ்ப்பாத்திரத்தில் தானியம் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பெண்கள் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. குழாய் ஒழுகியது, ஒரு வாஷர் வாங்க நகரத்துக்குப் போக வேண்டும், ஒரு நாள் கூலி போய்விடும், யார் போவார்கள்.

ஆகவே உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது தொடாமல் வையுங்கள், மாற்றுப்பானைக்கும் குழாய்க்கும் வாஷருக்கும். அதை ஊரிலேயே ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும், உங்கள் வீட்டில் வைக்கக் கூடாது.

இரும்பு அதிகம் உள்ள அந்த அடிபம்பு நீரை நேராகப் பானையில் ஊற்றாதீர்கள், சில நாளில் அடைத்துக்கொள்ளும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து நாலைந்து தடவை ஆற்றி, இரவு வைத்துவிட்டால் இரும்பு துருவாகப் படியும், மேலே தெளிந்ததைத் துணியில் வடிகட்டி எடுங்கள். கிருமி இல்லாத தண்ணீர் அது ஒன்றுதான், அதை வீணாக்காதீர்கள். பானை அடைத்தால் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், சோப்பு போடவே கூடாது.

வெயில்பாட்டில் எழுதியது:

ஓடைப் பக்கம் வயலில் தங்குகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒன்று. நிறமில்லாத 2 லிட்டர் பெட் பாட்டில், கீறல் இல்லாதது, நீர் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வைக்க வேண்டும். மேகமூட்டம் என்றால் தொடர்ந்து இரண்டு நாள். 1980-இல் பெய்ரூட்டில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அஃப்திம் அக்ரா குழு இதைப் பற்றி எழுதியது, பிறகு சுவிட்சர்லாந்தின் இயவாக் நிறுவனம் 1991 முதல் சோதித்து ஊர் ஊராகப் பரப்பியது. பாட்டிலை ஒரு செய்தித்தாள் மேல் நிறுத்தி, திறந்த வாய் வழியாக மேலிருந்து பார்த்தால் தலைப்பு எழுத்து படிக்க முடிய வேண்டும், முடியாவிட்டால் தண்ணீர் கலங்கல், முதலில் தெளிய வையுங்கள். ஊர் முழுவதற்கும் இதை மட்டும் நம்ப மாட்டேன், உங்களுக்கு வயிற்றுப்போக்கு வருவதே மழைக்காலத்தில், வெயில் இல்லாத நேரம் அது. ஆனால் செலவே இல்லை, வயலுக்கு எடுத்துப் போகும் தண்ணீருக்கு இது நன்றாகவே உதவும்.

கிணற்றடி எழுதியது:

நேற்று ஊரில் உட்கார்ந்து பேசினோம். 140 வீட்டுக்கும் குழாய் வைத்த மூடிப் பாத்திரம். கிணற்றடியிலும் பொதுக்குழாயடியிலும் குளோரின் தொட்டி, அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள் முன்வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கத் தீர்மானித்தோம், இலவசமாகச் செய்யச் சொல்லப் போவதில்லை. வாடை ஒத்துக்கொள்ளாத வீடுகளுக்கு மண்பானை, முதல் கட்டமாக 25, கூடவே 15 மாற்றுப்பானை. மூன்றில் ஒரு பங்குப் பணம் தனியாக வைத்தாகிவிட்டது.

ஒரு சந்தேகம். குளோரின் கரைசலை நாங்களே பிளீச்சிங் பவுடரிலிருந்து செய்தால் எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

களத்துமேடு எழுதியது:

சம்பளம் கொடுக்கத் தீர்மானித்தது எனக்கு ரொம்ப நிறைவாக இருக்கிறது.

புதிய பவுடரில் குளோரின் 33 சதவீதம் இருக்கும், லிட்டருக்கு 30 கிராம் போட்டுக் கலக்கினால் ஒரு சதவீதக் கரைசல் வரும். காற்றோட்டமான இடத்தில், பிளாஸ்டிக் வாளியில் செய்யுங்கள், இரும்புப் பாத்திரம் வேண்டாம். அடியில் சுண்ணாம்பு படிந்த பிறகு மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். வெளிச்சம் புகாத கேனில் நிழலில் வையுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், வாராவாரம் புதிதாகச் செய்வதே நல்லது. பவுடரும் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும், அதனால் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள்.

அந்த இரண்டு பெண்களுக்கும் மிச்சக் குளோரின் பார்க்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாரத்துக்குப் பத்து வீடு, குடத்தில் உள்ள தண்ணீரைப் பார்க்கட்டும். ஊற்றி அரை மணி கழித்து லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, மறுநாளும் 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள அந்த வீட்டை முதல் வாரமே பார்க்கச் சொல்லுங்கள். அளவு அதிகமாக விழுந்துதான் வாடை அடித்திருக்கும் என்று தோன்றுகிறது, மூடியால் அளந்து ஊற்றினால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். அளந்து ஊற்ற ஊசி மாட்டாத சிரிஞ்ச் கொடுத்துப் பாருங்கள்.